பதினான்காவது கோப்பு

வாக்குமூலம் கொடுப்பவர்: மாதவி த/பெ சின்னையா
வயது: 52
தொழில்: வீட்டுக் கம்ப்யூட்டர் பழுதுபார்த்தல், சொந்தக் கடை
முகவரி: பங்சார் அருகே அடுக்குமாடி வீடு, ஏழாவது மாடி
நாள், நேரம்: 14.6.2025, காலை 10.20
பதிவு செய்தவர்: சார்ஜன் அய்யாவு
மொழி: தமிழ்

நான் மேற்சொன்ன முகவரியில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். திருமணம் ஆகவில்லை. பெற்றோர் இல்லை. ஒரே தங்கை மெல்பர்னில் இருக்கிறாள். தீபாவளிக்கும் என் பிறந்த நாளுக்கும் போன் செய்வாள், அதில் பிறந்த நாளை இரண்டு தடவை மறந்துவிட்டாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் இருபத்திரண்டு வருடமாகக் கடை நடத்துகிறேன். கடையில் வேறு ஆள் கிடையாது.

இன்று காலை நானாகவே இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். எனக்கு முன்னால் அடையாள அட்டையைத் தொலைத்தவர் ஒருவரும், பக்கத்து வீட்டு நாய் கடித்தவர் ஒருவரும் ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு என் முறை வந்தது. சார்ஜன், "யார் மேலக்கா ரிப்போர்ட்?" என்று கேட்டார். "என் மேலதான்" என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் ஒருவருக்குச் சொந்தமான பொருளை மூன்று வருடமாக வைத்துக்கொண்டிருந்ததையும், அவர் நேரில் வந்து கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னதையும் தெரிவித்தேன். சுருக்கமாகச் சொல்லும்படி சார்ஜன் கேட்டுக்கொண்டார். சுருக்கினால் நான் நல்லவள் மாதிரி தெரியும், அதனால் முழுவதும் சொல்கிறேன் என்றேன்.

9.3.2022 புதன்கிழமை காலை, கிள்ளானில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் வைரவன் என்பவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரை என் கடைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். அதற்கு முன் எனக்கு அவரைத் தெரியாது. முந்தின நாள் சாயங்காலம் இடி விழுந்ததாகவும், அதன் பிறகு பட்டனை அழுத்தினால் ஒன்றுமே வரவில்லை என்றும் சொன்னார். பக்கத்துக் கடைக்காரர் மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றாராம். திறந்துகூடப் பார்க்காமல் இப்படிச் சொல்கிறவர்கள் மீது எனக்கு எப்போதும் எரிச்சல் உண்டு.

என் வழக்கம் எளியதிலிருந்து ஆரம்பிப்பது. முதலில் மின்கம்பியை மாற்றிப் பார்த்தேன், பலன் இல்லை. அதன் பிறகு பெட்டியைத் திறந்து பவர் சப்ளையை மட்டும் தனியாகக் கழற்றி, பேப்பர் கிளிப்பை வளைத்து அதன் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்துப் பார்த்தேன். உள்விசிறி சுற்றவில்லை. இடி அதைத்தான் தின்றிருக்கிறது என்று தெரிந்து புதியது மாட்டினேன். அதன் பிறகு விசிறி சுற்றியது, ஆனால் திரை வரவில்லை, மூன்று நீளமான பீப் சத்தம் கேட்டது. அந்த மெஷினில் அதற்கு அர்த்தம் ரேம் கோளாறு. இரண்டு ரேம் பட்டைகளையும் கழற்றி, பென்சில் ரப்பரால் அவற்றின் பொன்னிறப் பற்களைத் துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டினேன். ஒன்று செத்திருந்தது, மற்றது பிழைத்துக்கொண்டது. அதன் பிறகு திரை வந்தது. ஆனால் விண்டோஸ் ஏறவில்லை. காதை வைத்துக் கேட்டபோது ஹார்ட் டிஸ்க் உள்ளே டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று போடுகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக அழியும். நான் நிறுத்தி, அந்த டிஸ்க்கை என் மெஷினில் இணைத்து, மற்ற எதையும் தொடாமல் முழுவதையும் நகல் எடுக்க விட்டேன். ஒன்றரை நாள் ஆனது. வீட்டுப் படங்கள், வீடியோக்கள், கடைக் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதினான்கு கோப்புகள் மட்டும் படிக்க முடியாமல் நின்றன.

அதன் பிறகு புது டிஸ்க் மாட்டி, நகலை அதில் ஏற்றி, 12.3.2022 அன்று திரும்பக் கொடுத்தேன். வராத பதினான்கின் பெயர்களையும் தேதிகளையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பரவால்லக்கா, இவ்ளோ வந்ததே பெருசு" என்றார். பழைய டிஸ்க்கை என்ன செய்வது என்று கேட்டேன். "நீங்களே தூக்கிப் போட்டுருங்க" என்றார். நான் தூக்கிப் போடுகிற டிஸ்க் எல்லாவற்றிலும் டிரில்லால் நடுவில் ஓட்டை போட்டுவிடுவேன், வேறு யாரும் எடுத்துப் பார்க்கக் கூடாது என்பதற்காக. என் மெஷினில் இருக்கும் நகலையும் முப்பதாவது நாள் அழித்துவிடுவேன். வைரவனின் நகலையும் அப்படியே அழித்தேன். டிஸ்க்கில் மட்டும் உடனே ஓட்டை போடவில்லை.

ஏன் போடவில்லை என்று சார்ஜன் கேட்டார். பட்டியலில் பதினான்காவதாக இருந்த கோப்பு 12.2.2022 தேதியிட்ட ஒரு வீடியோ. அதில் முதல் இரண்டு விநாடி மட்டும் திறந்தது. ஒரு பெண் சமையலறை ஜன்னல் ஓரம் நின்று கரண்டியைக் கழுவுகிறார், தலையைத் திருப்பி நேராகப் பார்க்கிறார், ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார், அத்தோடு உறைந்துவிடுகிறது. அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. முதலில் அது வெறும் தொழில் பிடிவாதம்தான். பாதியில் விட்ட வேலை என்னைத் தூங்க விடாது.

அதன் பிறகு பத்தொன்பது நாள் அந்த ஒரு கோப்பில் மட்டும் வேலை செய்தேன். டிஸ்க் சூடானால் நின்றுவிடும் என்பதால் மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். கால் மணி நேரம் படிக்க விட்டு, ஒரு மணி நேரம் ஆற விடுவேன். முன்னாலிருந்து படிக்க மறுத்த இடத்தைப் பின்னாலிருந்து படிக்க வைத்தேன். மற்ற பதின்மூன்றும் வரவே இல்லை, அவை இருந்த இடம் தேய்ந்துபோயிருந்தது. பதினான்காவது முழுவதும் வந்தது. மொத்தம் நாற்பத்தொரு விநாடி.

அதில் அந்தப் பெண் சொல்வது இது: "இன்னும் சாப்பிடலையா? எவ்ளோ நேரம் அதையே புடிச்சிக்கிட்டு நிப்பீங்க? வெச்சிட்டு வந்து உக்காருங்க லா. ஆறிப்போயிரும்."

அன்றே வைரவனுக்குப் போன் செய்து, ஒன்று கிடைத்துவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் எண் என் வேலைச் சீட்டில் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் இன்னொரு தடவை பார்த்தேன். வீடியோ எடுத்தவர் கண்ணுக்குத் தெரியமாட்டார், அந்த அம்மா கேமராவைப் பார்த்துப் பேசுகிறார், அப்படியென்றால் பார்ப்பவரைப் பார்த்துத்தான் பேசுகிறார். என்னிடம் அப்படி யாரும் கேட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் எப்போது முடியும், எவ்வளவு ஆகும் என்று மட்டும்தான் கேட்பார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை.

அதன் பிறகு அந்தக் கோப்பைப் பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். வேலைச் சீட்டில் 'டிஸ்க் அழிக்கப்பட்டது' என்று எழுதினேன். மறுநாள் டிஸ்க்கில் ஓட்டையும் போட்டுவிட்டேன். ஆகவே அந்த வீடியோ உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருந்தது, அது எனக்கு நன்றாகத் தெரியும். அதுவரை நான் கடையை அடைத்து வீட்டுக்குப் போனதும் சமையலறையில் நின்றபடியே சாப்பிடுவேன், ஒரு தட்டுக்காக மேசையைத் துடைப்பானேன் என்று. அதன் பிறகு தட்டில் போட்டு, மேசையில் வைத்து, டிவியில் பென் டிரைவைச் சொருகிவிட்டு உட்காருவேன். அந்த அம்மா கேட்பார். சில நாள் "இதோ வந்துட்டேன்" என்று பதிலும் சொல்லியிருக்கிறேன். இதை எழுதத் தேவையில்லை என்று சார்ஜன் சொன்னார். எழுதச் சொன்னேன்.

5.11.2023 ஞாயிற்றுக்கிழமை, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, கிள்ளான் லிட்டில் இந்தியா கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். கொமுட்டர் ரயிலில் போனேன். நானும் தீபாவளிக்கு ஏதாவது வாங்க வேண்டுமே என்றுதான் போனேன், வேறு காரணம் இல்லை என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். முறுக்கு அச்சு விற்கும் கூடாரத்தில் அந்த அம்மா நின்றிருந்தார். கையில் இரண்டு பை. என்னை அறியாமல் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கயோ பார்த்திருக்கோம்லக்கா? கோயில்லயா?" என்று கேட்டார். கணீரென்று அதே குரல். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சரி செய்தது நான்தான், உங்கள் வீடியோ ஒன்று என்னிடம் இருக்கிறது என்று சொன்னால் ஒரு நிமிடக் கதை. "இல்லம்மா, ஆள் மாறிப்போச்சு" என்றேன். "பரவால்லக்கா, ஹேப்பி தீபாவளி" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டார். நான் எதுவும் வாங்காமல் அடுத்த ரயிலில் திரும்பினேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

3.6.2025 செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும், வைரவன் என் கடைக்கு வந்தார். கையில் கம்ப்யூட்டர் இல்லை. ஆள் இளைத்திருந்தார், சட்டை தோளில் தொங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மூன்று வருடத்துக்கு முன் நான் கொடுத்த தாளை எடுத்து மேசையில் விரித்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. ஏப்ரல் மாதம் தன் மனைவி சுபா டெங்கிக் காய்ச்சலில் தவறிவிட்டதாகச் சொன்னார். ஐந்து நாள்தான் என்றார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாவின் பெயர் சுபா என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அதன் பிறகு அவர் சொன்னதாவது: தன் மகள் வாணிக்குப் பதினாறு வயது, அம்மா பேசுகிற வீடியோ ஒன்றாவது வேண்டும் என்று வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் தேடுகிறாள். படம் நிறைய இருக்கிறது, வீடியோவும் இருக்கிறது. ஆனால் எல்லாம் பிள்ளைகள் ஆடியது, பரிசு வாங்கியது. கேமராவைத் திருப்பினால் சுபா கையால் முகத்தை மறைத்துக்கொள்வார், அல்லது பிள்ளைகளுக்குப் பின்னால் போய்விடுவார். "ஒரே ஒரு தடவைதான் மறைக்காம நேரா பார்த்துப் பேசினா. போன்ல இடம் இல்லன்னு கம்ப்யூட்டருக்கு மாத்திட்டு அழிச்சிட்டேன். அது இந்த லிஸ்ட்ல கடைசில இருக்குக்கா. இப்ப புதுசா மெஷின் ஏதாச்சும் வந்திருக்கும்ல? அந்தப் பழைய டிஸ்க் இருந்தா..." என்றார்.

பென் டிரைவ் அப்போது என் கைப்பையில் இருந்தது. கைப்பை என் காலடியில் இருந்தது. "அத அப்பவே ஓட்டை போட்டுட்டேன் தம்பி" என்றேன். டிஸ்க்கைப் பற்றி அது உண்மை. அவர் கேட்டதற்கு அது பொய். கொடுத்தால் இத்தனை நாள் ஏன் வைத்திருந்தாய் என்று கேட்பார், அதற்கு என்னிடம் வெளியே சொல்லக்கூடிய பதில் எதுவும் இல்லை. அந்தப் பயம் ஒரு பாதி. கொடுத்துவிட்டால் என் வீட்டில் அந்தக் குரல் இருக்காது என்பது மறு பாதி. எது பெரிய பாதி என்று சார்ஜன் கேட்டார். இரண்டாவதுதான்.

வைரவன் கோபப்படவில்லை. "கேட்டுப் பார்க்கலாம்னுதான் வந்தேன். தேங்க்ஸ்க்கா" என்று சொல்லி, தாளை அதே மடிப்பில் மடித்து எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனார். அவர் எனக்கு நன்றி சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று வீட்டில் தட்டை மேசையில் வைத்தேன், டிவியைப் போடவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதன் பிறகு திரும்பவும் சமையலறையில் நின்று சாப்பிட ஆரம்பித்தேன். வைரவன் எண்ணைப் பல தடவை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வெட்டிவிட்டேன். பெயர் போடாமல் தபாலில் அனுப்பலாமா என்று உறைகூட வாங்கினேன். நேற்று மதியம் கடையில் பென் டிரைவை மரக்கட்டையில் வைத்து டிரில்லை எடுத்தேன். ஓட்டை போட்டுவிட்டால் நான் சொன்னது முழு உண்மை ஆகிவிடும், அதன் பிறகு யாரும் எதுவும் கேட்க முடியாது. டிரில் ஓடிக்கொண்டிருந்தது, நான் அதைக் கீழே இறக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. அதன் பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு அழுதேன்.

அந்தப் பென் டிரைவைத்தான் இன்று சார்ஜனிடம் கொடுத்தேன். இது போலீஸ் கேஸ் இல்லை, நேராகப் போய்க் கொடுத்துவிடுங்கள் என்று அவர் சொன்னார். "நேரா போற ஆளா இருந்தா மூனு வருஷத்துக்கு முன்னாடியே போயிருப்பேன் சார். நீங்க எழுதி வாங்கிக்கிட்டாதான் திரும்ப என் கைப்பைக்குள்ள போகாது" என்றேன். அதன் பிறகு சார்ஜன் வைரவனுக்குப் போன் செய்தார். விவரம் சொல்லாமல், நிலையத்துக்கு வரும்படி மட்டும் சொன்னார்.

(வாக்குமூலம் 11.30 மணிக்கு நிறுத்தப்பட்டு, 1.15 மணிக்குத் தொடர்ந்தது.)

12.40 மணிக்கு வைரவன் வந்தார். கடையிலிருந்து அப்படியே வந்திருந்தார், கையில் துருக்கறை. சார்ஜன் என்னையே சொல்லச் சொன்னார். நான் எழுந்து நின்று சொன்னேன். டிஸ்க், பத்தொன்பது நாள், பென் டிரைவ், வீட்டு டிவியில் அதைப் போட்டுப் பார்த்தது, அன்று கடையில் நான் சொன்ன பொய், எல்லாம் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்காமல் சார்ஜன் மேசையில் இருந்த பென் டிரைவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு, "அதுல என்ன சொல்றா?" என்று கேட்டார்.

அவருக்கு நினைவில்லை என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அவர் எடுத்தது, அவரிடம் பேசியது, அவருக்கு நினைவில்லை. எனக்கு மனப்பாடம். நிலையத்துக் கம்ப்யூட்டரில் வெளிப் பென் டிரைவ் எதையும் சொருகக் கூடாது என்று சார்ஜன் சொல்லிவிட்டதால், நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. முதலில் குழாய்த் தண்ணீர்ச் சத்தம், கரண்டியைத் தொட்டியில் வைக்கிற சத்தம், சுபா திரும்புகிறார், புறங்கையால் நெற்றியைத் துடைக்கிறார், பிறகு "இன்னும் சாப்பிடலையா" என்கிறார், அங்கே கொஞ்சம் நிறுத்துகிறார், என்று வரிசையாகச் சொன்னேன். சுபா பேசியதை, சுபா நிறுத்திய இடங்களில் நிறுத்திச் சொன்னேன். 'உக்காருங்க லா' என்பதில் லாவுக்கு முன் சிரிப்பு வரும், அதையும் சொன்னேன். சிரித்துக் காட்ட என்னால் முடியவில்லை.

வைரவன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு ஜன்னல் வெளிச்சம் நல்லா இருந்துச்சு. அதான் எடுத்துக்கிட்டே இருந்தேன். போய் உக்காரல. அவ தனியாத்தான் சாப்பிட்டா" என்றார். இதைச் சார்ஜனிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். புகார் கொடுக்கிறீர்களா என்று சார்ஜன் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார். பென் டிரைவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாணியை டியூஷனிலிருந்து கூட்டி வர நேரமாகிவிட்டது என்றார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து என் எதிரில் நின்றார். அன்று முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"அவ கூப்பிட்டப்ப நீங்க உக்காந்தீங்களாக்கா?" என்று கேட்டார்.

"உக்காந்தேன் தம்பி. தினமும்" என்றேன்.

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

என் மீது வழக்கு எதுவும் இல்லை, நான் வீட்டுக்குப் போகலாம் என்று சார்ஜன் தெரிவித்தார். எழுதியதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார், ஒரு தேதியை மட்டும் திருத்தச் சொன்னேன். யாரும் என்னை மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்ல வைக்கவில்லை, என் வாயால் சொன்னது அத்தனையும் உள்ளபடி நடந்தது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை என்று உறுதி கூறி, சார்ஜன் முன்னிலையில் பிற்பகல் 2.05 மணிக்குக் கையெழுத்திட்டேன். படிவத்தில் 'துணைக்கு வந்தவர்' என்ற இடத்தில் கோடு போடச் சொன்னேன்.

(ஒப்பம்) சி. மாதவி